ஒரு லட்சம் சுற்றும் குட்டிச் சக்கரம்

‘ஐ20 என் லைன் வாங்கலாமா, அல்ட்ராஸ் ரேசர் வாங்கலாமா? ஆபீசுக்கும் போகணும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பறக்கவும் செய்யணும்’ என்று திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஹூண்டாயின் ஐ20 என் லைன், டாடாவின் அல்ட்ராஸ் ரேசர் என்ற இந்த இரண்டு கார்களும் காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ, 120 குதிரைத்திறன். நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 1200 சிசிக்குள். சிறிய கார்களுக்கான வரிச் சலுகையை மனதில் வைத்துப் போட்ட அளவு. ஆனால் புனேயில் தயாராகும் டாடாவின் எஞ்சின் 1199 சிசி, நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாயினுடையது 998 சிசி. இவ்வளவு சிறிய எஞ்சின்கள் இவ்வளவு சக்தி தருகின்றன என்றால், அது டர்போவின் வேலை.

1905-லேயே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை வாங்கிய யோசனை இது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டி எரிக்கலாம். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததே.

என்னைக் கவர்ந்தது அந்த அச்சு. நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடிய அது, பெரும்பாலான கார்களில் உலோகத்தின் மேல் உட்காருவதே இல்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் காப்பாற்றுவது முக்கியமாக எஞ்சின் ஆயில்தான். அந்த ஆயிலை அனுப்பும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும்.

நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து, டீக்கடை வாசலில் சட்டென்று சாவியைத் திருகினால் என்ன ஆகும்? ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் எங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல்லில் தங்கிய எண்ணெய் பிசுக்காகி, நாளடைவில் கருப்புப் பொருக்காகிவிடும். டர்போவுக்குள்ளும் அதேதான். இப்போதைய டர்போக்கள் பலவற்றில் தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு என்றாலும், விரட்டிய பிறகு அரை நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணைப்பது நல்லது. ஊருக்குள் மெதுவாக ஓட்டியவர்களுக்கு இது தேவையில்லை.

காருக்குப் பத்து லட்சம் கொடுப்பவர்கள் ஆயில் மாற்றுவதை இரண்டு மாதம் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போதாக்குறைக்கு, எஞ்சின் கணினியின் மென்பொருளை ‘ரீமேப்’ செய்து இன்னும் இருபது குதிரை சேர்த்துத் தருகிறேன் என்று அழைக்கும் கடைகள் வேறு!

சரி, எதை வாங்குவது? கோவை கோஸ்ட் பந்தயத் தளத்தில் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன் இரண்டையும் ஓட்டியபோது ரேசர்தான் முந்தியது. அந்த ஒப்பீட்டை நடத்தியது டாடா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டிக்கி ரேசரில் 345 லிட்டர், ஐ20-ல் 311. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் சாதாரண அல்ட்ராஸ் 2020-ல் 5 நட்சத்திரம், சாதாரண ஐ20 2022-ல் 3 நட்சத்திரம் வாங்கின. ஆனால் ரேசரில் ஆறு கியர் மேனுவல் மட்டுமே. என் லைனில் மேனுவலோடு ஏழு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கும் உண்டு, பின்சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்.

தினமும் நெரிசலில் ஊர்ந்து போகிறவர் என் லைன் ஆட்டோமேட்டிக்கை எடுக்கலாம். குடும்பத்தோடு நெடும்பயணம் போகிறவருக்கு என் ஓட்டு ரேசருக்கு. பழைய கார் வாங்குவதானால் இரண்டில் எதுவானாலும் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன், ஆயில் மாற்றிய சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். அவை இல்லையென்றால் வாங்காதீர்கள்.