ஸ்டைலஸ் பேனாவும் சைகைக் கட்டளைகளும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் அமைந்துள்ளது அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் (வலகம்பா) காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் இங்கு ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. எழுத்தாணியால் ஓலையைக் கீறி, கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்தால் எழுத்துத் தெளிவாகத் தெரியும். இந்த எழுத்தாணியின் ஆங்கிலப் பெயரே ‘ஸ்டைலஸ்’. இன்று டெப்லட் கணினியில் எழுதும் பேனாவும் அதே பெயரால் அழைக்கப்படுகின்றது.

ஸ்டைலஸ் பேனா ஓர் உள்ளீட்டுச் சாதனமாகும். அது இரு வகைப்படும்.

1. மின்சுற்று அற்ற பேனா: இது விரலுக்குப் பதிலாகத் தொடுதிரையைத் தொடும், வேறொன்றும் செய்யாது.

2. மின்சுற்று உள்ள பேனா: இவற்றுட் பல அழுத்தத்தின் அளவையும் உணர்த்தும். இவற்றுட் சில சைகைகளையும் ஏற்கும்.

சைகை என்றால் என்ன?

எழுதாமல், பேனாவைத் தட்டியோ அழுத்தியோ அசைத்தோ கட்டளை வழங்குவதே சைகையாகும். இரு உதாரணங்களை நோக்குவோம்.

(அ) சம்சுங் எஸ் பென்: 2018இல் கேலக்ஸி நோட் 9 உடன் புளூடூத் வசதி சேர்க்கப்பட்டது. பேனாவின் பொத்தானை அழுத்தித் தூரத்திலிருந்தே படம் எடுக்க முடிந்தது. 2019இல் நோட் 10 உடன் ஆர்முடுகலையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகள் சேர்ந்தன. பொத்தானை அழுத்தியவாறு பேனாவை இடம், வலம், மேல், கீழ் என அசைத்தால் ஒவ்வோர் அசைவும் ஒரு கட்டளையாகும்.

(ஆ) அப்பிள் பென்சில்: 2018இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சிலை விரலால் இருமுறை தட்டினால் அழிப்பானுக்கு மாறலாம். 2024இல் வந்த பென்சில் புரோவில், பிடித்து அழுத்துதலும் சைகையாகச் சேர்க்கப்பட்டது.

செயற்படும் விதம்

உள்ளீடு: உணரி அசைவை அல்லது தட்டலை உணர்கின்றது.
முறைவழியாக்கம்: மென்பொருள், அச்சைகைக்கு ஒதுக்கப்பட்ட கட்டளை எதுவெனத் தீர்மானிக்கின்றது.
வெளியீடு: படவில்லை மாறுதல், அழிப்பான் தோன்றுதல் போன்ற விளைவு ஏற்படுகின்றது.

சைகைக்குப் பொருள் தருவது பேனா அன்று, மென்பொருளே. ஆகவேதான் ஒரே அசைவு கமராவில் ஒரு வேலையையும் நிகழ்த்துகை மென்பொருளில் வேறொரு வேலையையும் செய்கின்றது. அப்பொருளை நாம் மாற்றிக்கொள்ள முடிவதும் இதனாலேயே.

விருப்பப்படி மாற்றுதல்

எஸ் பென்: அமைப்புகள் பகுதியில் ‘மேம்பட்ட அம்சங்கள்’ என்பதற்குள் எஸ் பென், அதற்குள் ‘எயார் அக்‌ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, ஒவ்வொரு சைகைக்கும் உரிய கட்டளையைத் தெரிவு செய்யலாம். (மாதிரிக்கேற்ப இவ்வழி சற்று வேறுபடும்.)

அப்பிள் பென்சில்: அமைப்புகளில் ‘அப்பிள் பென்சில்’ பகுதியில் இருமுறை தட்டலுக்கு அழிப்பான், முன்னர் பயன்படுத்திய கருவி, நிறத்தட்டு என்பவற்றுள் ஒன்றைத் தெரியலாம். எழுதும்போது கை தவறித் தட்டுப்பட்டு அழிப்பான் வருமாயின், இவ்வசதியை நிறுத்தியும் விடலாம்.

கவனிக்க: எல்லாப் பேனாவிலும் எல்லா வசதியும் இல்லை. 2025இல் வெளிவந்த கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவின் எஸ் பென்னில் புளூடூத் நீக்கப்பட்டது. அதனால் தூரத்துச் சைகைகள் இல்லாமற் போயின. எழுதும் வசதி அப்படியே உள்ளது. எனவே, வாங்கும்போது விவரக்குறிப்பை வாசித்துப் பார்த்தல் வேண்டும்.

மாதிரி வினா

ஒரு மாணவி புளூடூத் வசதியுள்ள எஸ் பென்னால் எழுதுகிறாள். எழுத்துகள் சரியாகப் பதிகின்றன. ஆனால் பேனாவை அசைத்தால் படவில்லை மாறவில்லை. இரு காரணங்கள் தருக.

விடை:
1. பேனாவின் மின்னேற்றம் தீர்ந்திருக்கலாம் அல்லது புளூடூத் இணைப்பு அறுந்திருக்கலாம். எழுதுவதற்குத் தேவையான சக்தியைத் திரையின் மின்காந்தப் புலம் வழங்குவதால் எழுத்து மட்டும் தொடர்ந்து பதியும்.
2. அமைப்புகளில் அச்சைகை நிறுத்தப்பட்டிருக்கலாம் அல்லது வேறு கட்டளைக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம்.

மாணவர்களே, ‘பேனா பழுதடைந்துள்ளது’ என்று மட்டும் எழுதினால் அது விடையாகாது. எழுதும் வேலை நடைபெறுகிறதல்லவா? எந்த வேலை நடக்கிறது, எது நடக்கவில்லை எனப் பிரித்து நோக்குக. பின்னர் தவறு உள்ளீட்டிலா, முறைவழியாக்கத்திலா எனக் காண்க. உங்களிடம் டெப்லட் இல்லாவிடினும் கவலை வேண்டாம். இம்முறையைப் பின்பற்றினால் கையாற் தொட்டிராத சாதனம் பற்றிய வினாவுக்கும் காரணத்துடன் விடை எழுதலாம்.