பயந்தார்களா, இல்லையா?

"சார், படம் முடிஞ்சதும் எல்லாரும் கைதட்டினாங்க. ஆனா பயந்தாங்களான்னு மட்டும் தெரியல." விஸ்காம் இறுதியாண்டு மாணவர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது இது. எட்டு நிமிடப் பேய்ப் படம். நடித்ததும் நண்பர்கள், பார்த்ததும் நண்பர்கள். அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன். இப்படி ஒரு படத்தைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதல் விஷயம், தம்பி, உங்கள் படத்தைப் பார்த்து உங்களால் பயப்பட முடியாது. கதவு எப்போது சாத்தும், அந்த உருவம் எந்த ஃபிரேமில் வரும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதனால் அடுத்தவர் உடம்பை வைத்துத்தான் உங்கள் படத்தை அளக்க வேண்டும். கைதட்டல் உங்கள் உழைப்புக்கு. "சூப்பர் மச்சி" நட்புக்கு. பயத்தின் அடையாளம் படம் ஓடும்போதுதான் தெரியும், விளக்குப் போட்டதும் மறைந்துவிடும்.

ஆகவே படம் ஓடும்போது முன்வரிசை ஓரத்தில் பார்வையாளர்களைப் பார்த்தபடி உட்காருங்கள். கையில் நோட்டு, கண்ணெதிரே ஓடும் நேரம். கால்களை யாராவது நாற்காலி மேல் ஏற்றிக்கொண்டால் எழுதுங்கள். துப்பட்டா நுனி வாய்க்குப் போனால், பக்கத்தில் இருப்பவர் கையைப் பற்றினால் எழுதுங்கள். அதைவிட முக்கியம், இருமலும் நாற்காலிச் சத்தமும் எப்போது நின்றன என்பது. கூட்டம் மொத்தமும் அசையாமல் இருக்கும் அந்த நொடிகள்தான் உங்கள் படம் வேலை செய்யும் இடம். அலறல் அதற்குப் பிறகு வருவது. அதேபோல முதல் செல்போன் எந்த நிமிடத்தில் ஒளிர்ந்தது என்பதையும் குறியுங்கள். தொய்வு பெரும்பாலும் அதற்கு அரை நிமிடம் முன்பே தொடங்கியிருக்கும்.

சிரிப்புதான் எல்லோரையும் குழப்புவது. "பேய் வந்தப்ப சிரிச்சுட்டாங்க சார்" என்று அந்த மாணவரும் முகம் வாடினார். எந்தச் சிரிப்பு என்று பார்க்க வேண்டும். தூக்கிவாரிப் போட்ட பிறகு வரும் சிரிப்பு, பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வருவது. அது சட்டென்று அடங்கி, மறுபடி அமைதியாகிவிடும். அதை வெற்றி என்றே எழுதிக்கொள்ளலாம். பேய் நிற்கும்போதே தொடங்கி, பக்கத்து சீட்டுக்குப் பரவி, பேச்சாக மாறும் சிரிப்பு வேறு. அங்கே மேக்கப்போ நடிப்போ தவறியிருக்கிறது, அல்லது அந்த ஷாட் இரண்டு நொடி கூடுதலாக நிற்கிறது. பல சமயம் இரண்டு நொடியை வெட்டினாலே சரியாகிவிடும்.

எழுந்து போகிறவர்களைப் பார்த்தும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இயக்குநர் ஓரென் பெலி சான் டியகோவில் தன் சொந்த வீட்டிலேயே, ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்த 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற பேய்ப் படத்துக்கு வைத்த சோதனைக் காட்சியில் சிலர் பாதியில் வெளியேறினார்கள். படம் தோற்றுவிட்டது என்றே காட்சியை நடத்தியவர்கள் முதலில் நினைத்தார்களாம். விசாரித்தபோதுதான் பயம் தாங்காமல் போனார்கள் என்று தெரிந்தது. 2009இல் திரையரங்குகளுக்கு வந்து அந்தப் படம் உலகம் முழுக்க ஓடியது.

இன்னொரு பாடம் ஸ்பீல்பெர்க்கிடம் இருக்கிறது. 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தின் முன்னோட்டக் காட்சியில், படகின் பின்பக்கம் சுறா சட்டென்று தலைதூக்கும் இடத்தில் அரங்கமே அலறியது. இன்னும் ஓர் அலறல் வேண்டும் என்று அவருக்கு ஆசை. உடைந்த படகின் ஓட்டையிலிருந்து இறந்தவர் தலை வெளிவரும் காட்சியை, எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல்குளத்தில் எடுத்துச் சேர்த்தார். புதிய இடத்தில் அலறல் கிடைத்தது; ஆனால் அதற்குப் பிறகு சுறா வரும் இடத்தில் பழைய அலறல் பாதியாகிவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை ஏமாந்த கூட்டம் அதன்பின் காவலோடுதான் உட்காரும். எட்டு நிமிடப் படத்தில் ஐந்து ஜம்ப் ஸ்கேர் வைத்திருக்கும் தம்பிகள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஒன்று போதும் என்பேன். மற்ற நான்கையும் எடுத்துவிட்டு அதே படத்தைப் புதிய ஆட்களுக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் குறிப்பேடே பதில் சொல்லும்.

இனி கேள்விகள். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால், "ஆமா" என்பதுதான் மரியாதையான பதில். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுங்கள். ஒருவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே சொல்வார்கள். கதையை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். பேய் வரப்போகிறது என்று எங்கே முன்கூட்டியே தோன்றியது, எந்த இடம் புரியவில்லை, இவ்வளவு போதும். புரியாத இடத்தில் பயம் வராது, குழப்பம்தான் வரும். இரண்டு நாள் கழித்து, எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று போனில் கேளுங்கள். எனக்கு அந்தப் பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

போட்டுக் காட்டும் இடமும் அளவையை மாற்றும். ஜன்னல் வழியே வெளிச்சம் வரும் செமினார் ஹாலில் இருட்டுக் காட்சிகள் சாம்பல் நிறமாக வெளுத்துப்போகும். செல்போன் ஸ்பீக்கரில் அடிவயிற்றைக் கலக்கும் தாழ்ந்த ஒலி கேட்கவே கேட்காது. பின்னணி ஒலியை நம்பி எடுத்த படம் அங்கே தோற்றால் கதையைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டித் தனியாகப் பார்த்தவர் பதிலையும் கூட்டத்தோடு பார்த்தவர் பதிலையும் தனித்தனியே வையுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒருவர் உங்கள் படத்தை முதன்முறையாக ஒரு தடவைதான் பார்க்க முடியும். முதல் எடிட்டையே வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டிவிடாதீர்கள். முன்பின் அறியாத பத்துப் பேரைக் கடைசி எடிட்டுக்கென்று மிச்சம் வையுங்கள்.