ரத்த டெஸ்டில் அல்சர் கிருமி 'பாசிட்டிவ்': உடனே மாத்திரை சாப்பிடணுமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வயிற்றில் எந்தத் தொந்தரவு வந்தாலும் அதற்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: அல்சர். வயிறு உப்பினாலும் அல்சர், நெஞ்சு எரிந்தாலும் அல்சர். கொஞ்ச நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டிவிட்டு லேபுக்குப் போனால், ரிப்போர்ட்டில் 'ஹெச் பைலோரி ஐஜிஜி - பாசிட்டிவ்' என்று வருகிறது. கூகுளில் தேடினால் கேன்சர் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

பயப்படும் முன் அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

என்ன கிருமி இது?

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இரைப்பையின் உள்சுவரில் இருக்கும் சளிப்படலத்துக்குள் வாழும் பாக்டீரியா. காரமும் டென்ஷனும்தான் அல்சருக்குக் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. 1984-ல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் இந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி வந்தது, இரைப்பை அழற்சியும் வந்தது. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்குன்னு அர்த்தமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரத்தத்தில் இந்த டெஸ்ட் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க ஆன்டிபாடி ஆய்வு நடந்தது. மாவட்டங்களிலேயே அதிகமாக பெரம்பலூரில்தான் 51 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அதற்காக மாவட்டத்தில் பாதிப் பேர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார்களா? இல்லை. கிருமி வந்து போன தடம்தான் அது.

ஹெச் பைலோரியிலும் இதே கதைதான். மாத்திரை சாப்பிட்டுக் கிருமி முழுசாக ஒழிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி உண்டு, பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றியது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அல்சர் வருவதே இல்லை. ஆக, இந்த ஊரில் ஒரு 'பாசிட்டிவ்' மட்டும் வைத்து வயிற்றெரிச்சலுக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சுன்னு சொல்ல முடியாது.

பிறகு எந்த டெஸ்ட்?

இப்போது கிருமி இருக்கிறதா என்று சொல்பவை மூன்று: மூச்சை ஊதிப் பார்க்கும் யூரியா பரிசோதனை, மலத்தில் கிருமியின் ஆன்டிஜெனைத் தேடும் பரிசோதனை, எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்குப் பரிசோதனை. மூச்சுப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. மல சாம்பிளை லேபில் கொடுத்து வெளியூருக்கு அனுப்பச் சொல்லலாம். எண்டோஸ்கோப்பி என்றதும் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏற வேண்டாம். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, 2022-ல் தொடங்கிய அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ முதலில் விசாரித்துப் பாருங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாதிரி 'கேஸ் மாத்திரை' சாப்பிட்டுக்கொண்டே இந்த டெஸ்ட்களைச் செய்தால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். கேஸ் மாத்திரையை 2 வாரமும் ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் நிறுத்திய பிறகே டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். ஆனால் வேறு நோய்க்காக இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தவே முடியாதவர்களுக்கும், அல்சரில் ரத்தம் கசிகிறவர்களுக்கும் ரத்த டெஸ்ட் இன்னும் உதவுகிறது. கேஸ் மாத்திரை ஆன்டிபாடியை ஒன்றும் செய்யாது.

தேவையில்லாமல் மாத்திரை சாப்பிட்டால் என்ன?

இந்தச் சிகிச்சை சாதாரணமானதல்ல. வழக்கமாக 14 நாள், குறைந்தது இரண்டு ஆன்டிபயாடிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வாய்க்கசப்பு, பேதி வரும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். இதில் முக்கியமான கிளாரித்ரோமைசின் பலருக்கு ஏற்கெனவே வேலை செய்வதில்லை.

இன்னொன்று, உண்மையான காரணம் தப்பிப் போகும். காட்டு வேலை, குவாரி வேலை முடித்து உடம்பு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, அந்த மாத்திரையே அல்சரைக் கொண்டுவரும். டாக்டரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சொல்வதில்லை!

முடித்த பிறகு கிருமி போயிடுச்சான்னு பார்க்க, குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை எடுங்கள். ஆன்டிபாடி டெஸ்டை மறுபடி எடுத்து, 'இன்னும் பாசிட்டிவ்' என்று இரண்டாவது கோர்ஸ் ஆரம்பிப்பது வீண் செலவு.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ லேப் பக்கம் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் அங்கே சொல்லிவிடுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கக் கஷ்டமாக இருப்பது, ரத்தசோகை என்றால் ஆன்டிபாடி ரிப்போர்ட் எப்படி வந்திருந்தாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வேண்டாம்.