விண்ணில் பாயும் சுடரும் வீட்டில் எழும் அச்சமும்

இஷாத் தொழுகை முடித்து உத்தமபாளையத்துத் தெருவில் நடப்போரின் தலைக்கு மேல், என்றோ ஓரிரவு பெருஞ்சுடர் ஒன்று பாய்ந்து செல்லும். சுவர்கள் ஒரு கணம் வெளுக்கும். "மேகமலைக்குப் பின்னால் விழுந்துவிட்டது" என்பர் கண்டோர். வீட்டிலிருக்கும் நன்னியின் உள்ளமோ, நோயில் கிடக்கும் உறவினரை எண்ணித் துணுக்குறும். யாருடைய மவுத்துக்கு இந்த அறிகுறி?

இவ்வச்சம் மிகப் பழையது. பங்குனித் திங்களின் நள்ளிரவில் விண்மீன் வீழக் கண்ட கூடலூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு வருமோ எனக் கலங்கினார். ஏழாம் நாள் மன்னன் மறைந்தான் என்பது புறநானூற்றின் 229ஆம் பாடல் தரும் செய்தி. கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் உண்டன்றோ! அதனாலோ என்னவோ, அப்புலவர் நமக்கு அண்டை வீட்டார் போலத் தோன்றுகிறார். அவருடைய அன்பை நாம் எள்ளுவதற்கில்லை.

அரபு மக்களும் அவ்வாறே எண்ணியிருந்தனர். ஓரிரவு நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் அமர்ந்திருக்கையில் விண்மீன் ஒன்று எறியப்பட்டு ஒளிர்ந்தது. அறியாமைக் காலத்தில் இதற்கு என்ன பொருள் கூறிவந்தீர்கள் என அவர்கள் வினவினார்கள். பெரிய மனிதர் ஒருவர் இன்றிரவு பிறந்தார் அல்லது இறந்தார் என்போம் என்றனர் தோழர்கள். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் அவை எறியப்படுவதில்லை என்று அண்ணலார் தெளிவுறுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் இது இடம்பெற்றுள்ளது. தம் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கதிரவனை கிரகணம் பற்றியபோதும், மக்கள் அதனை அம்மரணத்தோடு இணைத்துப் பேச, அவர்கள் அதே உண்மையையே உரைத்தார்கள். மகனைப் பறிகொடுத்த வேளையில் அவ்வாறு உரைக்க எத்தகைய உள்ளம் வேண்டும்!

வானிலிருந்து வருவது கல்லே, சிலபோது இரும்பு. நொடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் அது காற்றினுள் புகும்போது, முன்னே நெருக்குண்ட காற்று கொதித்துச் சுடராகிறது. பெரும்பாலானவை மண்ணைத் தொடுமுன்னரே அழிந்துவிடும். 1857 பிப்ரவரி 28 அன்று மதுரைக்குத் தெற்கே, பர்னல்லி என ஏடுகளில் குறிக்கப்பட்ட ஊரில் இரு கற்கள் வீழ்ந்தன. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 77 கிலோ. 1898இல் பழனி மலைப்பகுதியில் கண்டெடுக்கப்பட்ட இரும்பு விண்கல்லுக்குக் கொடைக்கானலின் பெயரே சூட்டப்பட்டது.

மலைக்குப் பின்னால் விழுந்தது என்பதும் பெரும்பாலும் கண்மயக்கே. பல மைல் உயரத்தில் எரிவது, தொலைவினால் தாழ்ந்து தோன்றி மலைமுகட்டில் மறைகிறது. ஒளி உடனே எட்டும். ஓசை வந்தால் சில நிமிடங்கள் பிந்தியே வரும். 2013 பிப்ரவரி 15, ஒரு வெள்ளிக்கிழமை, ருஷியாவின் செல்யாபின்ஸ்க் நகரில் ஒளியைக் கண்டு பலர் சன்னலருகே விரைந்தனர். பின்வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்க, சுமார் 1,500 பேர் காயமுற்றனர். ஆகவே பேரொளி கண்டால் சன்னலை விட்டு விலகி நிற்பதே நலம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிமீன்கள் மிகுதியாகப் பாயும். நிலவு குறுக்கிடாத ஆண்டாயின், நள்ளிரவுக்குப் பின் மொட்டை மாடியில் பாய் விரித்து நன்னியையும் அழைத்து அமருங்கள். பனிக்குப் போர்வை ஒன்றும் இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை வீழ்கின்றன என்று அவரே எண்ணிச் சொல்லட்டும்.