நிலமும் மக்களும்

புவியியல் கற்பிக்கும் ஆசிரியர், நாட்டின் நிலப்படத்தையும் மக்கட்பரவற் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று. இதற்கு எகிப்து நாடு தக்க சான்றாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 10 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். அதிற் பெரும்பகுதி பாலைவனம். மக்களுள் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோர் நைல் ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலுமே நெருங்கி வாழ்கின்றனர். ஆற்றின் வழியே ஊர்கள் அமைந்திருத்தலை மாணாக்கர் தாமே கண்டறிவர்.

ஆண்டுதோறும் பெருகிய வெள்ளம் கொணர்ந்த வண்டலே பண்டு அவ்வயல்களுக்கு உரமாயிற்று. 1970-இல் அசுவான் உயர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. வெள்ளக் கேடு நீங்கியது. பாசனமும் மின்னாற்றலும் பெருகின. ஆயினும், வண்டல் அணையின் உள்ளே தங்கியது. உழவர் செயற்கை உரத்தை நாடினர். கழிமுகக் கரையைக் கடல் மிகுதியாக அரிக்கலாயிற்று.

நிலம் மக்கள் வாழ்வை வகுக்கின்றது; மக்கள் செயலோ நிலத்தை மாற்றுகின்றது. இவ்விரண்டையும் இணைத்துணர்தலே புவியியற் கல்வியின் பயனாகும்.