செய்தியோடையும் பகுப்பு நிரலகமும்

கடலோரத்தில் வாழ்வோர்க்குப் புயற்செய்தி உரிய நேரத்தில் கிட்டுதல் உயிரோடு தொடர்புடையது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் சென்னையில் பெருமழை பொழிவித்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து பரவியது. விம்கோ நகர், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியினர் எச்சரிக்கையைக் கைப்பேசியிலேயே பெறுதற்குத் துணைபுரியும் கணினி முறையொன்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓடையின் இயல்பு

புதிய செய்திகளைத் தலைப்பு, இணைப்பு, நாள், சுருக்கம் என நிரல்பட அடுக்கித் தரும் கோப்பே செய்தியோடை. 1999இல் தோன்றிய ஆர்.எஸ்.எஸ்., 2005இல் வரையறுக்கப்பட்ட ஆட்டம் ஆகியன அதன் பெருவழக்கான வடிவங்கள். இரண்டும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் அமைவன. நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் எச்சரிக்கைகளை ஆர்.எஸ்.எஸ். ஓடையாக வழங்குகிறது.

பகுத்தல்

சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளாகப் பிரித்துப் பொருள் காண்பது நன்னூல் காட்டும் நெறி. ஓடையைப் பகுத்தலும் அன்னதே. கணினிக்கு ஓடை முதலில் வெறும் எழுத்துத் தொடராகவே தோன்றும். 'ஆர்.எஸ்.எஸ்.-பார்சர்' என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் அத்தொடரைப் பெற்று, செய்திதோறும் தலைப்பு இது, நாள் இது என வகுத்துத் தருகிறது. நிரலர் ஓடையின் முகவரியைக் கொடுத்தால் போதும். வடிவ வேறுபாட்டை நிரலகமே கவனித்துக்கொள்ளும். தன் வழக்கமான பட்டியலில் இல்லாத கூறுகளை அது விட்டுவிடுமாதலின், அவை வேண்டுமெனில் பெயர் சுட்டி அறிவித்தல் வேண்டும்.

முழு எச்சரிக்கையோ 'பொது எச்சரிக்கை நெறிமுறை' என்னும் உலகப் பொது அமைப்பில் உள்ளது. இடரின் கடுமை, அவசரம், உறுதிப்பாடு, முடிவு நேரம், நிலப்பரப்பு ஆகியன அதில் தனித்தனிக் கூறுகள். அஃது ஆர்.எஸ்.எஸ். அன்று, எனவே அதனைப் பிரிக்கப் பொதுவான எக்ஸ்.எம்.எல். பகுப்பான் தேவை.

கருத்தில் கொள்ளத்தக்கன

முதலாவது, நேரம். கிரீன்விச் நேரப்படி டிசம்பர் 3, 18.30 மணி என்பது நமக்கு டிசம்பர் 4 பிறக்கும் நள்ளிரவு. ஐந்தரை மணி வேறுபாட்டைக் கூட்டாது விட்டால் எச்சரிக்கையின் நாளே மாறிவிடும்.

இரண்டாவது, தமிழ் எழுத்து. யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு கொள்ளும். 'விம்கோ நகர்' என்பதில் பத்துக் குறியீடுகளும் ஓர் இடைவெளியும் உள. ஆகவே மொத்தம் 31 பைட்டு. கோப்பு துண்டு துண்டாக வருங்கால் ஒரு குறியீட்டின் நடுவே வெட்டுண்டால் எழுத்துச் சிதையும். முழுவதும் வந்தபின் பகுப்பதே நன்று.

மூன்றாவது, செய்தியின் நிலை. நெறிமுறையில் மெய்யான எச்சரிக்கை, ஒத்திகை, சோதனை எனும் பாகுபாடும், திருத்தம், நீக்கம் எனும் வகைகளும் உண்டு. தலைப்பை மட்டும் காட்டும் நிரல், ஒத்திகையை உண்மையென அறிவித்து ஊரை அஞ்சச் செய்யும். நீக்கப்பட்ட எச்சரிக்கையைத் தொடர்ந்து ஒலிக்கும். இருமுறை வீணே அஞ்சியவர் மூன்றாம் முறை மெய்ச்செய்தியையும் பொருட்படுத்தார்.

முடிவுரை

நிரலகம் பிரித்துத் தரும். பொருள் உணர்ந்து பயன்படுத்தல் நிரலரின் கடன். எச்சரிக்கையை எளிய தமிழில், உரிய பகுதியினர்க்கு உரிய நேரத்தில் சேர்ப்பிக்கும் பணியில் கணினி மாணவரும் தமிழ் மாணவரும் கைகோத்தல் வேண்டும். வடசென்னைக் கடற்கரைக்கு அதனினும் பயனுள்ள தொண்டு சிலவே எனலாம்.