மெக்ஸிகோவில் ஓடிய கெய்னோ

தொலைதூர ஓட்டம் என்றதும் கென்யா நாட்டின் பெயர் இன்று நேயர்களின் நினைவுக்கு வரும். அப்பெயரை உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் கிப்சோகே கெய்னோ. 1940-ஆம் ஆண்டில் நாண்டி மலைநாட்டில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பின்னர்ப் போலீஸ் இலாகாவில் பணியேற்றார்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தாம் இடமே அவருக்குக் கிட்டியது. ஆனால் அடுத்த ஆண்டிலேயே இரண்டு உலக சாதனைகளை நிறுவினார். 3,000 மீட்டரை 7 நிமிஷம் 39.6 விநாடியிலும், 5,000 மீட்டரை 13 நிமிஷம் 24.2 விநாடியிலும் ஓடி முடித்தார்.

எனினும் 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவரை விஞ்சிய ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்கரான ஜிம் ரயன். 1967-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கெய்னோவைப் பின்தள்ளி, 3 நிமிஷம் 33.1 விநாடியில் ரயன் உலக சாதனை படைத்தார். கடைசிச் சுற்றில் அவர் பாயும் வேகத்துக்கு ஈடுகொடுப்பார் எவருமில்லை.

1968-இல் மெக்ஸிகோ நகரில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். கெய்னோவோ அப்போது பித்தப்பை நோயால் துன்புற்றிருந்தார்; ஓடலாகாது என்று வைத்தியர்கள் தடுத்தனர். 10,000 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு சுற்றுக்கள் எஞ்சியிருக்கையில் வலி தாளாமல் பாதையினின்று விலகி விழுந்தார், விதிப்படி நீக்கப்பட்டார். அந்தப் பந்தயத்தில் முதலிடம் பெற்றவர் அவருடைய நாட்டவரான நப்தாலி டெமு. நான்கு நாட்களுக்குப்பின் 5,000 மீட்டரில் துனீசியாவின் கம்மூதியிடம் 0.2 விநாடியில் தோற்று, கெய்னோ வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

அக்டோபர் 20-ஆம் தேதி 1,500 மீட்டர் இறுதிப் பந்தயம். வழியில் வண்டிகளின் நெரிசலில் சிக்கிய கெய்னோ, இறங்கி மீதித் தொலைவை ஓடியே அரங்கை அடைந்தார்.

மெக்ஸிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. சமவெளியில் பழகியவர் தொடக்கத்திலேயே விரைந்தால் இறுதியில் தளர்வர். ஆகவே அவர்கள் அடக்கி ஓடுவது இயல்பு. மலைநாட்டில் வளர்ந்த கெய்னோவின் உடலுக்கோ மெலிந்த காற்று புதிதன்று. கடைசிச் சுற்றுவரை காத்திருந்தால் வெற்றி ரயனுக்கே. ஆரம்பம் முதலே வேகத்தைக் கூட்டினால் ரயனின் பாய்ச்சலுக்கு இடமிராது. இதுவே கென்யர் கண்ட உபாயம்.

உடனோடிய பென் ஜிப்சோ, தம் வெற்றியைக் கருதாது, முதல் 400 மீட்டரை 56 விநாடியில் இழுத்துச் சென்றார். பின்னர் கெய்னோ முன்னணியேற்றார்; இறுதிவரை வேகம் தணியவில்லை. ரயன் பின்னாலிருந்து விரைந்து வந்தும் இடைவெளி மிகுதியாயிருந்தது. 3 நிமிஷம் 34.9 விநாடியில், ஒலிம்பிக் சாதனையுடன், கெய்னோ வென்றார், ரயன் 2.9 விநாடி பிந்தி இரண்டாவதாக வந்தார்.

1972-இல் மியூனிக்கில், தமக்கு அதிகம் பழக்கமில்லாத 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் கெய்னோ தங்கம் பெற்றார். அங்கே வெள்ளி பெற்றவர் அதே ஜிப்சோ.

பந்தயங்களினின்று ஓய்வு பெற்றபின், எல்டோரெட் நகரருகே மனைவியாருடன் அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். பின்னர்ப் பள்ளியும் நிறுவினார். இப்பணியைப் போற்றி 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில், புதிதாக ஏற்படுத்தப்பட்ட ஒலிம்பிக் லாரல் விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. பெற்றோரின்றி வளர்ந்தவர், பெற்றோரில்லாத பலருக்குத் தந்தையானார்.